பாறையின் அழகா குற்றவாளி?

கல்குவாரியை அழகாகப் படம் எடுக்கிறவன் கல்நெஞ்சக்காரன் என்றொரு தீர்ப்பு நம்மிடையே நெடுநாளாகப் புழங்குகிறது. சிறுபத்திரிகைக் கட்டுரைகளில், புகைப்படக் கண்காட்சி முடிந்து நடக்கும் கலந்துரையாடல்களில், சூழலியல் கூட்டங்களில் இதைக் கேட்கலாம். அங்கே மலையையே வெட்டி விற்கிறார்கள், தொழிலாளி தூசியைத் தின்று சாகிறான், நீ கோட்டையும் நிறத்தையும் ரசித்துக்கொண்டிருக்கிறாயா என்பார்கள். கோபம் நியாயமானது என்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. படம் எடுத்தவரும் தலையைக் குனிந்துகொண்டு, விழிப்புணர்வுக்காகத்தான் எடுத்தேன் என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிவிடுவார்.

அந்த முணுமுணுப்பை முதலில் தள்ளிவைப்போம். பத்தடி அகலத்துக்கு அச்சிட்டுக் குளிரூட்டிய கூடத்தில் மாட்டிய படம் எந்தக் குவாரியின் கேட்டையும் இழுத்துப் பூட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் அழகே குற்றம் என்கிற தீர்ப்பு அதைவிட மோசமானது. அதனால் ஆதாயம் அடைகிறவர்கள் குவாரி முதலாளிகள்தான் என்பது என் கட்சி.

அடி அண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் புறத்து ஊர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் இந்த வழியாக நடக்கிறார்கள். கையிலிருக்கும் செல்போனை மலையை நோக்கித் தூக்காமல் போகிறவர் அபூர்வம். தமிழ்நாட்டில் இதைவிட அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட பாறை இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகமே. திருவண்ணாமலைக்குப் புகைப்படம் புதிதல்ல. பெங்களூர்ப் புகைப்படக்காரர் வெல்லிங் 1946இல் எடுத்த ரமணர் படம் இன்று எத்தனையோ வீடுகளின் பூஜை அறையில் இருக்கிறது. 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் ஹென்றி கார்த்தியே-பிரேசோன் இங்கே கேமராவோடு இருந்தார். கொச்சியில் பிறந்த புகைப்படக்காரர் அபுல் கலாம் ஆசாத் இங்கேயே குடியேறி, ஏகலோகம் என்ற அமைப்பின் வழியாக இந்த ஊரின் அன்றாடத்தைப் படமாக்கும் வேலையை முன்னெடுத்தார். இத்தனை கேமரா பார்த்த ஊரில் மலையை அழகாகக் காட்டாதே என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அழகாகக் காட்டினால் அது பக்தி. ஊரைத் தாண்டி, கும்பிட ஆளில்லாத இன்னொரு பாறையை ஜல்லிக்காக உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை அழகாகக் காட்டினால் மட்டும் பாவம்!

இந்தக் கணக்கில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. திருவண்ணாமலைப் பெரிய கோயிலின் ராஜகோபுரம் 217 அடி என்று பெருமையாகச் சொல்கிறோம். அதன் கல் தளமும் ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்களும் ஏதோ ஒரு பாறையிலிருந்து பிளந்து எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு தூணுக்கும் எங்கோ ஒரு பள்ளம் உண்டு. மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட பாறைகளில் ஆப்பு அடிப்பதற்காகப் போட்ட உளிக்குழிகள் வரிசையாகத் தெரிகின்றன. சுற்றுலா வருகிறவர்கள் வியந்து வியந்து படம் எடுக்கிறார்கள். அதே வரிசை இன்றைய குவாரிச் சுவரில் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமாம். ஆயிரத்து முந்நூறு வருஷம் கழிந்தால் வெட்டுக்காயம் பாரம்பரியச் சின்னம் ஆகிவிடும் போலும்.

குவாரிச் சுவரின் அழகு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தவர்கள் அதைப் பழிக்கத் தயங்குவார்கள். ஏற்றுமதிக்குக் கல் எடுக்கும் கிரானைட் குவாரியில் பாறையை வெடிவைத்து நொறுக்க முடியாது. ஒரு விரிசல் விழுந்தால் அந்தக் கட்டி கழிவுக்குப் போய்விடும். ஜாக்ஹேமரால் ஒரே கோட்டில் நெருக்கமாகக் குழி போடுகிறார்கள். குழிகளில் ஆப்பு இறக்கி மாற்றி மாற்றிச் சம்மட்டியால் தட்டுகிறார்கள். கல் எந்தப் பக்கம் பிளக்கும், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும் என்பது அனுபவசாலியின் கைக்குத் தெரியும். தட்டும் சத்தம் மாறுவதை வைத்தே பிளவு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆட்கள் உண்டு. வசதியுள்ள குவாரிகளில் இன்று வைரப் பூச்சுக் கம்பியால் அறுக்கிறார்கள். ஆப்பில் பிளந்த சுவரில் அரைவட்டப் பள்ளங்கள் வரிசையாக நிற்கும். கம்பியில் அறுத்த சுவர் வழவழப்பாக இருக்கும். காலை எட்டு மணிச் சாய்வெயிலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணை எடுக்க விடாது.

அந்த நேர்கோட்டைப் போட்டது கேமரா இல்லை. கூலிக்கு வேலை பார்க்கிற ஒரு மனிதரின் கையும் கண்ணும். அழகைப் பார்க்காதே என்று கட்டளை போடுகிறவர்கள் இந்தத் திறமையையும் சேர்த்து மறைக்கிறார்கள். அவர்கள் பார்வையில் தொழிலாளி என்றால் வியர்வை, இருமல், ஒட்டிய வயிறு. அவருக்கு ஒரு தொழில் தெரியும், அதில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு என்பதற்கு அந்தப் பார்வையில் இடமில்லை.

சரி, அழகு வேண்டாமென்றால் வேறு எந்தப் படம் வேண்டும்? ஆளைக் காட்டு, வலியைக் காட்டு என்கிறார்கள். அப்படிப்பட்ட படங்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. புகைப்படக் கழகங்களின் போட்டிகளில் ஆண்டு தவறாமல் பரிசு வாங்குகிற வகை அது: எதிர்வெயிலில் பொன்னாய் மிதக்கும் தூசி, தலையில் ஜல்லிக் கூடையோடு ஒரு பெண், ஓங்கிய சம்மட்டி, ஓரத்தில் கண்ணை அகல விரித்த குழந்தை. கறுப்பு வெள்ளையில் மாற்றி, முகச்சுருக்கங்களைக் கொஞ்சம் கூட்டினால் மனிதநேயம் தயார். படத்தின் கீழே ‘உழைப்பு’ என்றோ ‘வாழ்க்கைப் போராட்டம்’ என்றோ இருக்கும். அந்தப் பெண் யார், எந்த ஊர், ஒரு யூனிட் ஜல்லிக்கு என்ன கூலி, குவாரி யார் பெயரில் இருக்கிறது? ஒன்றுக்கும் பதில் கிடையாது. முதலாளி அந்தச் சட்டகத்துக்குள் ஒருநாளும் வரமாட்டார். ஏழையைப் படம் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே இந்த வகையின் முதல் மூலதனம்.

புதுக்கோட்டை மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் அங்கே வீச்சோடு நடந்தபோது, கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களே குழுவாகச் சேர்ந்து அரசுக் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கல்லை உடைத்ததோடு கணக்கையும் அவர்களே பார்த்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதினார். இரக்கப் படங்களின் அழகியலில் இந்தப் பெண்களுக்கு இடம் எங்கே? கையில் கணக்கு நோட்டோடு நிற்கிற குவாரிப் பெண்ணை எந்தப் போட்டி நடுவர் தேர்ந்தெடுப்பார்?

நமது விமர்சகர்கள் இந்த இடத்தில் மேற்கத்திய ஆசான்களைத் துணைக்கு அழைப்பார்கள். வால்டர் பெஞ்சமின் 1934இல் சொன்னதுதான் முதலில் வரும்: நவீனப் புகைப்படக்கலை வறுமையைக்கூட ரசிக்கும் பண்டமாக ஆக்கிவிட்டது. அவர் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு அடுத்து அவர் சொன்னதை நம்மவர்கள் சொல்வதே இல்லை. அழகை ஒழி என்று அவர் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே எழுதும் விளக்க வரியைத்தான் கேட்டார். வழக்கமான ரசனையிலிருந்து படத்தைப் பிய்த்தெடுத்து, பயன்படும் பொருளாக மாற்றும் வலிமை அந்த வரிக்கு இருக்க வேண்டும் என்றார். அடுத்து சூசன் சொண்டாக். பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் சேறு பூசிய ஆயிரக்கணக்கான மனிதர்கள் ஏணிகளில் ஏறுவதை 1986இல் படம் எடுத்த செபஸ்தியாவோ சல்காடோவை அவர் விமர்சித்தார் என்பார்கள். விமர்சித்தார்தான். பலவீனமானவர்களை அவர்களுடைய பலவீனமாக மட்டுமே சுருக்கிக் காட்டுவதும், படக்குறிப்பில் அவர்கள் பெயர் இல்லாததும்தான் 2003இல் அவர் எழுதிய புத்தகத்தில் சல்காடோ மீது வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. பாதி மேற்கோளை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக அழகை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இனிப் பளிங்குக் குவாரிக்கு வருவோம். கலைப் புகைப்படத்தில் குவாரி என்றால் உலகம் முதலில் நினைப்பது எட்வர்ட் பர்ட்டின்ஸ்கியை. கனடாக்காரர். 1993இல் இத்தாலியின் கராராவிலும், 2000இல் ராஜஸ்தானின் மக்ரானாவிலும் பளிங்குக் குவாரிகளைப் பெரிய வடிவக் கேமராவில் எடுத்தார். தலைகீழாகக் கவிழ்த்த நகரம் போல, அடுக்கடுக்காய் இறங்கும் வெள்ளைச் சுவர்கள். மக்ரானா படங்களில் மனிதர்கள் புள்ளியாகத்தான் தெரிவார்கள். ஆளை அளவுகோலாக நிறுத்துவதா என்று கேட்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. அந்தக் கேள்வி நல்ல கேள்வி. எனக்கு உள்ள குறை வேறு. அந்தப் படங்களுக்குக் கீழே இருப்பது குவாரியின் பெயர், ஒரு எண், நாடு, ஆண்டு, அவ்வளவுதான். கராரா படத்தைப் பார்க்கிறவர் மைக்கேலேஞ்சலோவை நினைத்துக்கொள்வார். கராராவில் இன்று வெட்டுவதில் பெரும்பங்கு சிலையாவதும் இல்லை, தரைப்பலகையாவதும் இல்லை. உடைந்த துண்டுகளாக மலையிறங்கி, கால்சியம் கார்பனேட் பொடியாக அரைபட்டு, பற்பசைக்கும் காகிதத்துக்கும் போகிறது. இந்த ஒரு வரியைப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தால் அதே வெள்ளைச் சுவர் வேறு மாதிரித் தெரிந்திருக்கும். அதன் அழகும் ஒரு இம்மி குறைந்திருக்காது.

ஆளே இல்லாத, நிதானமான, அழகான பாறைப் படம் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1858 தொடக்கத்தில், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், மதுரை ஆனைமலையைப் படம் எடுத்தார். அவருக்குச் சூழலியல் அக்கறை எதுவும் இருந்திருக்க முடியாது. ஆங்கில அரசுக்காக இந்த நாட்டின் சின்னங்களைப் பதிவு செய்ய வந்தவர். ஆனாலும் அந்தப் படம் இன்று ஓர் ஆவணம். மலையின் விளிம்பு அன்று எங்கே இருந்தது என்பதை அது சொல்கிறது. 2010 வாக்கில் ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை வந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள், மலை தப்பியது. அதே மதுரை மாவட்டத்தில், மேலூர் பக்கம் எத்தனையோ பாறைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவற்றின் பழைய விளிம்பைக் காட்டும் படமும் இல்லை.

மேலூரில் நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் அனுப்பிய அறிக்கை, சட்டவிரோதமாகக் கிரானைட் வெட்டியதால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்குக் காட்டியது. அது 2012இல் வெளியே வந்தபோது அதிகாரிகள் குவாரி குவாரியாகப் போய் அளந்தார்கள். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சகாயத்தையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015இல் அவர் கொடுத்த அறிக்கையில் இழப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. அன்று நாளிதழ்களில் வந்த படங்களில் மனதை உலுக்கியவை எவை? அழுகிற முகங்களைவிட, அடுக்கி வைத்த கிரானைட் கட்டிகளும், கீழவளவுப் பக்கம் கத்தியால் கேக் வெட்டியதுபோல் நின்ற சுவர்களும்தான் ‘இவ்வளவா!’ என்று வாய்பிளக்க வைத்தன. அந்த வழக்கே கன அளவு பற்றியது. குத்தகையில் அனுமதித்தது எவ்வளவு, வெட்டியது எவ்வளவு என்பதே கேள்வி. இரக்கத்தால் கனமீட்டரை அளக்க முடியாது. கூர்மையாக, கோணல் இல்லாமல், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் அளக்க உதவும். கலைப் புகைப்படக்காரன் தன் அழகுக்காகக் காட்டுகிற அந்த அக்கறை, மேலூர் மாதிரி ஓரிடத்தில் சாட்சியத்தின் தரமும் ஆகிறது.

புகைப்படக்காரர்கள் இந்தத் திறமையை ஏன் வீணாக்குகிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம். மேலூரில் வெட்டிய கல் உலகச் சந்தையில் ‘காஷ்மீர் ஒயிட்’ என்று விலைபோனது. கிருஷ்ணகிரிக் கல் ‘பாரடைசோ’ ஆயிற்று. வியாபாரி ஊர்ப்பெயரை அழிக்கிறான். பின்னாலேயே கலைஞன் வந்து படத்துக்குப் ‘பெயரிடப்படாதது-3’ என்று பெயர் வைக்கிறான். இருவரும் சேர்ந்து ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். பத்திரிகை என்றால் குவாரி கேட் பூட்டிக்கொள்ளும். கலைப்படம் என்று சொன்னால் மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து, எந்த வெட்டுப்படியில் நின்றால் நன்றாக வரும் என்று வழிகாட்டுவார். கலையால் தனக்கு ஆபத்தில்லை என்று அவருக்குத் தெரியும்.

குவாரி முதலாளியே அழகான படத்தை வாங்கித் தன் அலுவலகத்தில் மாட்டிக்கொள்வாரே என்று ஒரு நண்பர் மடக்கினார். மாட்டிக்கொள்வார், சந்தேகமே இல்லை. அதே படத்துக்குக் கீழே சர்வே எண்ணையும், அனுமதித்த ஆழத்தையும், வெட்டிய ஆழத்தையும் எழுதிக் கொடுங்கள். அப்புறம் மாட்டுகிறாரா பார்ப்போம்.

விமர்சகர்கள் பிடித்திருக்க வேண்டிய உண்மையான குறை ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டார்கள். கலைக் கேமரா வழவழப்பான கிரானைட் சுவரைத் தேடித்தான் போகிறது. எங்கள் பக்கத்தில் அதிகமாகக் கண்ணில் படுகிற ஜல்லிக் குவாரியில் அந்த நேர்கோடு கிடையாது. வெடி வைத்துச் சிதறடித்த பாறை, அதற்கு மேல் கிரஷர் கக்கும் சாம்பல் நிறப் புழுதி, எம்-சாண்ட் குவியல். பார்க்க ஒன்றுமில்லை. நாம் கட்டுகிற வீடும் நடக்கிற சாலையும் அங்கிருந்துதான் வருகின்றன. கருங்கல்லில் சிலிகா அதிகம். பளிங்கு பெரும்பாலும் சுண்ணாம்பு வகை. ஆகவே நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸ் நோயின் அபாயம் மக்ரானாவின் வெள்ளைச் சுவரைவிட நம் ஊர் கிரஷரடியில்தான் மிகுதி. அழகாக இல்லாததைப் படம் எடுக்காமல் விட்டதற்காகக் கலைஞர்களைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

அந்தத் தூசியைப் பற்றி இன்னொன்று. எதிர்வெயிலில் பொன்னாய்ப் பறக்கிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் அடிவரை போய் ஆளைக் கொல்கிற துகள் சில மைக்ரான் அளவு. கண்ணுக்கும் தெரியாது, எந்த லென்சுக்கும் சிக்காது. வலியைக் காட்டு என்று கேட்பவர்கள் விரும்பும் படத்தில் கொலைகாரன் இல்லவே இல்லை. அவனைக் காட்டக்கூடிய படம் ஒன்றே ஒன்று, மார்பு எக்ஸ்ரே. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டக் காலத்திலிருந்தே சிலிகோசிஸ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். ஆனாலும் காசநோய் என்று தப்பாக எண்ணி மாத்திரை சாப்பிட்டே காலத்தைக் கழித்த கல்லுடைப்பவர்கள் இந்த நாட்டில் ஏராளம். குவாரித் தொழிலாளிக்கு நாம் தர வேண்டிய படம் அந்த எக்ஸ்ரே. அதை அவர் கையில் கொடுக்காமல் போட்டிக்கு அவர் முகத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

கைவிட்ட குவாரியில் தேங்கும் பச்சை நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புகளுக்கு இன்று பிடித்தமான இடம் அது. விடுமுறையில் குளிக்கப் போய்ப் பையன்கள் மூழ்கிப் போவதும் அங்கேதான். 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளின் நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 2019இலும் குவாரி நீரை எடுத்தார்கள். ஒரே பள்ளம் ரசிக்கிற இடமாகவும், சாகிற இடமாகவும், தாகம் தீர்க்கிற இடமாகவும் இருக்கிறது. அழகைத் தடை செய்துவிட்டால் இந்த மூன்றில் ஒன்றும் மாறாது. ஆழம் எத்தனை அடி, வேலி போட வேண்டியவர் யார் என்று படத்தோடு எழுதினால் ஒன்றாவது மாறலாம்.

ஆகவே குவாரிப் படம் எடுக்கிறவர்களுக்கு: கூசாமல் அழகாக எடுங்கள். எடுத்த இடத்தில் நின்றே தேதியையும் ஜிபிஎஸ் புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அந்த அனுமதிக் கடிதத்தில் சர்வே எண், பரப்பு, எவ்வளவு ஆழம் வரை வெட்டலாம், எத்தனை கனமீட்டர் எடுக்கலாம் எல்லாம் இருக்கும்; பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம். கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வருகிற விவரத்தைச் சட்டகத்துக்குக் கீழே, படத்தின் பெயர் இருக்கும் இடத்தில் அச்சிடுங்கள்.